பன்னிரண்டு பேருக்கான படகு

பொன்ரூன் படகு என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் பாதையில் ஏறியவர்களும், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை மட்டக்களப்பு வாவியைப் பாதையில் கடந்தவர்களும் அதை ஏற்கனவே கண்டிருக்கிறார்கள். மிதப்பதற்குக் கீழே இரண்டு, மேலே தட்டையாக ஒரு தளம், சுற்றிவரக் கம்பி. அவ்வளவுதான். இங்கே அதன்மேல் சோபா போட்டு, வெயிலுக்குக் கூடாரம் விரித்து, கடையாலில் ஒரு மிசினைப் பூட்டிவிடுகிறார்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அம்புரோஸ் வீரஸ் என்பவர் இரும்புப் பீப்பாக்களை நிரையாகப் பொருத்தி, மேலே பலகை அடித்து ஏரியில் விட்டார். இந்த வகைப் படகின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். எங்கள் தீவுப்பகுதிக் கிழவர் எவரையாவது கேட்டால் வேறு கதை சொல்லக்கூடும். அது இருக்கட்டும்.

இந்தப் படகு ஆசை என்னிடமிருந்து வந்ததல்ல. நான் மயிலிட்டியான். அப்பாவிடம் மூன்றரைத் தொன் போட் ஒன்று இருந்தது. 1990 ஆனியில் ஊரை விட்டுக் கிளம்பியபோது அது கரையிலேயே நின்றது. மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஆடியில்தான் திரும்பத் திறந்துவிட்டார்கள். அப்பா 1999இல் பருத்தித்துறையில் ஒரு வாடகை வீட்டில் கண்ணை மூடிவிட்டார். நான் 1988இலேயே இங்கே வந்துவிட்டேன். கடல் பற்றிய ஆசைகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவன் நான். ஆசைப்பட்டது என் மாமியார்.

நான்கு வருடத்துக்கு முன்னர் ஒரு கோடையில் சிம்கோ ஏரிக்கரையில், சிபால்ட் பொயின்ற் பூங்காவில், எங்கள் மூன்று குடும்பமும் அடுப்பு மூட்டிக் கோழி வாட்டிக்கொண்டிருந்தோம். ஸ்காபரோ, மார்க்கம் தமிழர்களில் அந்தப் பூங்காவுக்குப் போகாதவர்கள் குறைவு. மாமி மடிப்புக் கதிரையில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு பொன்ரூன் மெதுவாகப் போனது. அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தொப்பி போட்டு, கால் நீட்டி, கையில் ஏதோ குடிவகையோடு இருந்தாள்.

"தம்பி, உங்கை பாரும், விறாந்தை ஒண்டு போகுது" என்றா மாமி.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாரியிலும், சனிக்கிழமைகளில் தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம், அந்த விறாந்தை எங்கள் வீட்டுக் கதையில் வந்துகொண்டேயிருந்தது. 1975 வரையில் கட்டிய சாவகச்சேரி வீட்டு விறாந்தையை மாமி மறந்தது கிடையாது. அது தண்ணீரில் போவதென்றால் எண்பது வயதிலும் ஒரு பயணம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறா.

இதற்கு எதிர்க்கட்சி என் மனைவி. அவள் தென்மராட்சிக்காரி. தண்ணீர் என்றால் கிணற்றுத் தண்ணீரையும் வயற் தண்ணீரையும் அறிந்து வளர்ந்தவள். எங்கள் கலியாணப் பேச்சின்போது அவளுடைய பெரியப்பா ஒருவர், "பொடியன் கடற்கரைப் பக்கமாம்" என்று குரலைத் தணித்துச் சொன்னாராம். அந்தத் தணிந்த குரலில் இருந்தது என்னவென்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் அதைக் கணக்கெடுக்கவில்லை. கடற்கரைப் பையனைக் கட்டினாளே ஒழிய, கடலையோ ஏரியையோ கட்டவில்லை. ஐரோப்பாவிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கும் ஆயிரம் தீவுகளுக்கும் கூட்டிப்போவது நம் கடமை அல்லவா? எல்லோரும் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு படகில் ஏற, கைப்பைகளையும் கமராப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருப்பவள் அவள்தான். முப்பது வருடமாக அதுதான் வழக்கம். ஏன் என்று எனக்கும் தெரியும். கிளாலி. ஆனால் கிளாலி என்ற சொல்லுக்கு அப்பால் அவள் ஒரு வசனமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

2023 வசந்தத்தில் மச்சான் இரண்டு படகுகளைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். அவன் மனைவியின் தம்பி. ஆளுக்குப் பாதிக் காசு என்று பேச்சு. புதிது வாங்குவது எங்கள் கனவிலும் இல்லை. பழையதில் எங்கள் கைக்கு எட்டக்கூடியவை இரண்டு. இரண்டும் இருபத்திரண்டு அடி நீளம். இரண்டுக்கும் கீழே இரண்டு அலுமினிய உருளைகள். இரண்டும் ஒரு வருட வித்தியாசத்தில் கட்டப்பட்டவை. இருக்கைகளின் ஒழுங்குகூட அச்சொட்டாக ஒன்றுதான். முன்னுக்கு இரண்டு நீள இருக்கை, பின்னுக்கு ஒரு வளைந்த இருக்கை, ஓட்டிக்கு ஒரு சுழல் கதிரை. தூரத்தில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

ஒன்று ஸ்கூகொக் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியருடையது. 60 குதிரைவலு மிசின், 480 மணித்தியாலம் ஓடியது. கேட்ட விலை 17,500 டொலர், ரிறெய்லரும் சேர்த்து. மற்றது சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு படகுக் கடையில் நின்றது. 90 குதிரைவலு, 230 மணித்தியாலம்தான் ஓடியது. 19,900 டொலர். புதுக் கூடாரம், கம்பளம் இல்லாமல் கழுவித் துடைக்கக்கூடிய வைனல் தளம், பாட்டுக்கு நாலு ஸ்பீக்கர்.

மச்சான் கடைப் படகின் பக்கம். அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கும் படகின் பின்னால் காற்றடித்த வளையத்தில் இருந்து இழுபட வேண்டும். அதற்கு 60 காணாது என்றான். அது சரிதான். இத்தனை நீளமான பொன்ரூனை ஆட்களோடு 60 இழுக்கும், ஆனால் நடந்துபோகிற மாதிரித்தான் இழுக்கும். இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் அவன் பக்கம் சாய்ந்திருப்பேன். ஆனால் அப்பாவோடு கரையில் நின்று வளர்ந்தவனுக்கு மிசின் இரண்டாவதாகத்தான் கண்ணில் படும். "மிசினை மாத்தலாம், வள்ளத்தை மாத்தேலாது" என்பது அப்பாவின் கணக்கு. கடற்கரையில் ஒரு வள்ளம் விலைக்கு வந்தால் அப்பா அதன் அடியில் குந்தி இருந்துவிடுவார். விலை பேச எழும்ப அரைமணித்தியாலம் செல்லும்.

ஆகவே நானும் குந்தினேன். எங்களுக்கு உதவிக்கு ஒரு நண்பர் வந்தார். கார் திருத்துகிறவர், முல்லைத்தீவில் ஒரு காலத்தில் போட் மிசின்களும் திருத்தியவர். நாங்கள் இருவருமாகப் பார்த்தவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம்மவர்கள் பலர் இப்போது படகு வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கார் வாங்குவதுபோல் நிறத்தையும் கிலோமீற்றரையும் பார்த்து வாங்குகிறார்கள்.

முதலில் தளம். பொன்ரூனின் தளம் பெரும்பாலும் பிளைவூட். மேலே கம்பளமோ வைனலோ ஒட்டி மறைத்திருக்கும். குதிக்காலை ஊன்றி அங்குலம் அங்குலமாக நடந்து பார்க்க வேண்டும். கதவடியிலும் மூலைகளிலும் தண்ணீர் தங்கும், அங்கேதான் உக்கும். ஆசிரியரின் படகில் பின்கதவடியில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு இடம் மெத்தென்று அமர்ந்தது. நாங்கள் கேட்க முன்னரே அவர், "அந்த இடம் பழுது" என்று சொல்லிவிட்டார். ஒரு பலகையை வெட்டி மாற்றுகிற வேலை. கடைப் படகின் தளம் கல்லுப்போல் இருந்தது.

பிறகு மிசின். நண்பர் கொம்பிரஷன் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்திருந்தார். எண் எவ்வளவு என்பதைவிட, எல்லாச் சிலிண்டரிலும் எண்கள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு மிசினிலும் கிட்ட இருந்தன. கீழ்ப்பெட்டி எண்ணெயைக் கொஞ்சம் சொட்டவிட்டுப் பார்த்தார். அது பால்விட்ட தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் நல்ல எண்ணெய்தான். ரிறெய்லர் சில்லின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அடித்திருக்கும். முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருடம். ஆசிரியரின் ரிறெய்லர் சில்லுகள் 2009இல் பிறந்தவை. பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் நெடுஞ்சாலையில் வெடிக்கிற வயது. அதற்கும் ஒரு நானூறு டொலர் குறித்துக்கொண்டோம்.

ஆசிரியர் ஒரு பழைய கொப்பியைத் தந்தார. ஒவ்வொரு வருடமும் எண்ணெய் மாற்றிய திகதி, தண்ணீர்ப் பம்பின் இறப்பர் மாற்றிய திகதி, மாரிக்கு மூடிய திகதி எல்லாம் நீல மையில் எழுதியிருந்தது. கடைசி நான்கு வருடம் கையெழுத்து வேறு. முதலில் எழுதிவந்தது அவருடைய மனைவியாம். காலமாகிவிட்டா.

கடைசியாக உருளைகள். இவைதான் வள்ளம், மற்றதெல்லாம் தளபாடம். ஒவ்வொரு உருளையும் உள்ளே தடுப்புவைத்துப் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். வெடில் பிடித்த பானையைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல்மொழியால் தட்டிக்கொண்டு போனேன். ஆசிரியரின் படகு முன்னிருந்து பின்வரை ஒரே சத்தம், வெறும் பீப்பாச் சத்தம். கடைப் படகில் இடது உருளையின் பின்பகுதிக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது. நிறைகுடத்தைத் தட்டிய சத்தம். குனிந்து பார்த்தால் ஒட்டு ஓடியிருந்த இடத்தில் மயிர்க்கோடுபோல ஒரு ஈரம்.

கடைக்காரப் பையன், "அது உள்ளே வியர்ப்பது, எல்லாப் படகிலும் இருக்கும்" என்றான். கொஞ்சம் வியர்ப்பது உண்மைதான். ஆனால் வியர்வைக்கு அந்தச் சத்தம் வராது. உருளைக்குள் மெல்லிதாகக் காற்றை விட்டு, வெளியே சவர்க்காரத் தண்ணி பூசினால் ஓட்டை குமிழ்விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். சைக்கிள் ரியூப்பை வாளித் தண்ணியில் அமுக்கிப் பார்க்கிற அதே வித்தை. வாங்க முன்னர் அதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டோம். முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து, காசு கட்டிய பிறகு செய்யலாம் என்றான்.

நான் காரில் ஏறும்போதே தீர்மானித்துவிட்டேன். மச்சான் தீர்மானிக்கவில்லை. ஏனென்றால் அவனிடம் ஒரு துருப்பு இருந்தது.

படகுகளில் ஓட்டி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். எத்தனை பேர், எவ்வளவு பாரம், எத்தனை குதிரைவலு வரை என்று அதில் எழுதியிருக்கும். ஆசிரியரின் படகில் 12 பேர். கடைப் படகில் 13 பேர். எங்கள் மூன்று குடும்பத்தையும் எண்ணினால், நாங்கள் நான்கு, மச்சான் வீட்டில் ஐந்து, என் அக்கா வீட்டில் மூன்று, மாமி ஒன்று. பதின்மூன்று.

"பாத்தீங்களே அத்தான், எங்களுக்கெண்டே செய்த மாதிரி இருக்கு" என்றான் மச்சான். "மற்றதை எடுத்தா ஒராளைக் கரையிலை விடவேணும்."

"ஒராள் கூடினால் என்ன?" என்று அக்காவின் மகன் கேட்டான். "சின்னப் பிள்ளையள்தானே."

இந்தக் கதை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நடந்தது. என் மனைவி அப்பம் சுட்டுக்கொண்டு நின்றாள். தாச்சியை இறக்கி வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நாங்கள் ஏறின வள்ளத்திலை முப்பத்திரண்டு பேர்" என்றாள்.

ஒருவரும் பேசவில்லை. அவள் தொடர்ந்தாள். 1993 ஆவணி. அவளுக்குப் பதினெட்டு வயது, மச்சானுக்குப் பதினொன்று. அந்த வருடம் தை 2ஆம் திகதி அதே களப்பில் நடந்த கொலைகள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் போனார்கள், ஏனென்றால் குடாநாட்டை விட்டு வெளியே போக வேறு வழியில்லை. இரவில், வெளிச்சமில்லாமல், முன்னுக்கு ஒரு மிசின் வள்ளம், அதன் பின்னால் கயிற்றில் கட்டிய நான்கு வள்ளங்கள். பயத்துக்கு மருந்தாக அவள் இருட்டில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாளாம். எத்தனை தரம் எண்ணினாலும் முப்பத்திரண்டு. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த கையைக் கீழே விட்டுப் பார்த்தாள். விளிம்புக்கும் தண்ணிக்கும் நாலு விரல்.

"நாலு விரல்தான்" என்று கையைக் காட்டினாள். மாவு ஒட்டிய கை. "ஆரும் இருமினாக்கூட ஆடும். தம்பி நித்திரை. அவனுக்கு ஒண்டும் தெரியாது."

மச்சான் தமக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருடத்துக்குப் பிறகு தான் வந்த வள்ளத்தைப் பற்றி அவன் அன்றுதான் கேள்விப்படுகிறான்.

"தகட்டிலை என்ன எழுதியிருக்கோ, அதுக்கு மேலை ஒராளும் ஏறக் கூடாது. குழந்தைப்பிள்ளையெண்டாலும் ஏறக் கூடாது. அப்பிடியெண்டாத்தான் வாங்கலாம்."

அப்போதுதான் மாமி வாயைத் திறந்தா. "அப்ப கரையிலை ஒராளை விட்டிட்டுப் போறதோ? அதுக்கு நான் ஓம்பட மாட்டன்."

மாமிக்கும் அதே இரவுதான். ஆனால் அவ அதிலிருந்து எடுத்துவந்தது வேறொன்று. முப்பத்திரண்டு பேர் ஏறியதும் ஓட்டி போதும் என்று கையை நீட்டிவிட்டான். முப்பத்துமூன்றாவது ஆள் மாமா. "நீங்கள் போங்கோ, நான் அடுத்ததிலை வாறன்" என்று கரையில் நின்றுவிட்டார். அன்று அடுத்தது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பூநகரிப் பக்கத்துக் கரையில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சூட்கேசோடும் மாமி இரண்டு பகலும் இரண்டு இரவும் இருந்தா. களப்பில் வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பி நின்றா. மாமா மூன்றாம் நாள் விடியற்புறம் வந்து சேர்ந்தார். 2004இல் வவுனியாவில், வருத்தத்தில், கட்டிலில்தான் காலமானார். ஆனாலும் மாமியின் மனதில் அவர் இன்னும் கிளாலிக் கரையில் நிற்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆக ஒரே வள்ளத்தில் வந்த தாய்க்கும் மகளுக்கும் இரண்டு சட்டம். ஒருத்திக்கு ஓராளும் கூடக்கூடாது. மற்றவவுக்கு ஓராளும் குறையக்கூடாது. இரண்டையும் நிறைவேற்றுவது கடைப் படகு ஒன்றுதான். மச்சான் வென்றுவிட்டவன்போல் என்னைப் பார்த்தான்.

எங்கள் அகதி வாழ்க்கையே இந்தத் தகட்டை மீறித்தான் தொடங்கியது என்று எனக்கு அப்போது தோன்றியது. 1986 ஆவணியில் நியூபவுண்லாந்துக் கடலில் மீனவர்கள் கண்டெடுத்தது 155 தமிழரை. இரண்டே இரண்டு உயிர்காப்புப் படகுகளில். அந்தப் படகுகளிலும் எங்கேயாவது ஒரு எண் எழுதியிருந்திருக்கும். அதை வாசிக்க அன்று யாருக்கு நேரம் இருந்தது? இப்போது குசினி மேசையில் இருந்துகொண்டு பன்னிரண்டா பதின்மூன்றா என்று சண்டைபிடிக்க எங்களுக்கு நேரம் இருக்கிறது. இதையும் ஒரு வசதியாகத்தான் எண்ணவேண்டும்.

நான் மச்சானுக்குக் கணக்குச் சொன்னேன். ஒரு லீற்றர் தண்ணி ஒரு கிலோ. கடைப் படகின் அந்த அறைக்குள் நூறு லீற்றர் நின்றால் நூறு கிலோ. அது உன்னையும் விடப் பாரம். தகட்டில் பதின்மூன்று என்று இருந்தாலும் ஓராள் ஏற்கனவே உள்ளுக்கு ஏறி இருக்கிறார். அவர் இடதுபக்கம், பின்னுக்கு, எழும்பாமல் இருக்கிறார். நாங்கள் ஓடஓட அவர் கொழுத்துக்கொண்டும் போவார்.

மச்சான் சிரித்துவிட்டான். ஆனால் விடவில்லை. ஒட்டிவிக்கலாம் என்றான். ஒட்டிவிக்கலாம்தான், நல்ல அலுமினிய ஒட்டுக்காரன் கிடைத்தால். சோதித்துக் காட்ட மறுக்கிற கடையிலிருந்து வாங்கி, பிறகு ஒட்டுக்காரனைத் தேடித் திரிவது என்ன நியாயம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆசிரியர் வீட்டுக்குப் போனோம். படகு வளவுப் புல்லில் ரிறெய்லரில் நின்றது. என் மனைவி காரைவிட்டு இறங்கி, சுற்றிவந்து பார்த்தாள். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, ஏணியைப் பிடித்து ஏறினாள். "தண்ணியிலை இல்லைத்தானே" என்றாள். பின்னிருக்கையில், மிசினுக்குக் கிட்ட, பத்து நிமிடம் இருந்தாள். தகட்டைத் தேடி வாசித்தாள். எழும்பி விளிம்புக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். நான்கு விரலை அளக்கிறாள் என்று விளங்கியது. உருளையின் பாதிக்குக் கொஞ்சம் மேலே தண்ணிக்கோடு நிறம் மாறித் தெரிந்தது. கோட்டிலிருந்து தளம் வரை ஒரு முழத்துக்குக் குறையாது.

"எத்தனை பேரை ஏற்றியிருக்கிறீர்கள்?" என்று ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது. நாங்கள் எட்டுக்கு மேல் போனதில்லை" என்றார் அவர். "மனைவியின் சகோதரிகள் வந்தால் ஐந்து பேரே எனக்குக் கூடத்தான்."

அவள் இதே கேள்வியைக் கடைக்காரப் பையனிடமும் ரெலிபோனில் கேட்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவன், "பதின்மூன்று என்றுதான் இருக்கும், பதினைந்தும் போகும், ஏரியில் யார் எண்ணுகிறார்கள்" என்றானாம்.

ஆசிரியர் இன்னொன்றும் சொல்லித்தந்தார். பொன்ரூன் இலகுவில் கவிழாது. ஆனால் ஓடும்போது எல்லோரும் அணியத்துக்குப் போய் நின்றால், எதிரே ஒரு பெரிய படகின் அலை வந்தால், மூக்குக் குத்தித் தண்ணீர் தளத்தில் ஏறிவிடும். முன்கதவுக்கு வெளியே ஒருவரையும் நிற்கவிடாதே என்றார். ஸ்கூகொக் ஆழமில்லாத ஏரி, பல இடத்தில் எழும்பி நிற்கலாம் என்றும் ஆறுதல் சொன்னார். அதை நான் தமிழில் சொல்ல, "களப்பும் ஆழமில்லைத்தான்" என்றாள் மனைவி.

மாமியை யார் சம்மதிக்க வைப்பது? அந்த வேலையைச் செய்தது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த கலண்டர். அதில் எங்கள் வீட்டு ஷிஃப்ற் எல்லாம் குறித்திருக்கும். என் மகள் அதை எடுத்துவந்து அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, மற்ற இரண்டு வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்துக் கேட்டுக் கேட்டு, பின்னோக்கி எண்ணினாள். மாமா சனிக்கிழமையும் வேலை. பெரியத்தைக்கு முதியோர் இல்லத்தில் ஒன்றுவிட்ட சனி ஞாயிறு. அண்ணாவுக்குக் கடையில் பின்னேரம். கடந்த இரண்டு வருடத்தில் பதின்மூன்று பேரும் ஒரே இடத்தில் நின்ற நாட்கள் இரண்டு. ஒன்று கலியாணம், மற்றது செத்தவீடு.

மாமி கலண்டரை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை பார்த்தா. தாளைப் புரட்டினா, திரும்பப் புரட்டினா.

"சரி, வாங்குங்கோ" என்றா. "ஆனா பதின்மூண்டு பேரும் வாற அண்டைக்குப் படகு எடுக்கிறேல்லை. அண்டைக்கு எல்லாரும் கரையிலை இருந்து சமைக்கிறது."

16,000 டொலருக்கு முடிந்தது. தளப்பலகையும் ரிறெய்லர் சில்லும் எங்கள் செலவு. படகோட்டும் அட்டைக்குப் பரீட்சை எழுதவேண்டும். 2009க்குப் பிறகு மிசின் பூட்டிய எந்தப் படகையும் ஓட்டுகிறவர் எவரும் அது இல்லாமல் ஓட்ட முடியாது. நானும் மச்சானும் எழுதினோம். மகளும் எழுதி எங்கள் இருவரையும்விடக் கூடப் புள்ளி எடுத்தாள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, அவரவர் அளவில் இருக்கவேண்டும் என்பது சட்டம். மனைவி பதின்மூன்று வாங்கினாள். பன்னிரண்டு காணுமே என்றதற்குப் பதில் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவருக்கும் போட்டு, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்து, வாரை இறுக்கி, உள்ளே பெயரும் எழுதினாள்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும், கேட்கிறார்கள். வைகாசி 24ஐ ஒட்டிய விடுமுறையில் இறக்கினால் ஐப்பசி நடுப்பகுதியில் ஏற்றவேண்டும். மிச்ச ஏழு மாதமும் வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் சுற்றி, மிசினுக்குள் உறையாத திரவம் விட்டு, யாருடைய வளவிலோ வாடகைக்கு நிற்கும். பெற்றோலையும் காப்புறுதியையும் சேர்த்துப் பார்த்தால் வாடகைக்குப் படகு எடுப்பதே மலிவு என்று மச்சான் மனைவி இன்றைக்கும் சொல்கிறா. அந்தக் கணக்கில் பிழை இல்லை. 60 குதிரைவலுவில் பிள்ளைகளின் வளையமும் நினைத்த மாதிரித் துள்ளவில்லை. மச்சான் அதையும் அவ்வப்போது ஞாபகப்படுத்துவான்.

முதல் ஓட்டத்துக்கு ஒன்பது பேர்தான் வந்தோம். மாமி முன்னிருக்கையில் கால்நீட்டி இருந்தா, தொப்பியோடு. மனைவி கரையில் பைகளோடு நின்றாள். இரண்டாவது தரமும் நின்றாள். மூன்றாவது தரம் ஏறினாள். பின்னிருக்கையில் மிசினுக்குக் கிட்ட இருந்துகொண்டு, போர்ட் பெரியின் இறங்குதுறை சின்னதாகிப் போகும்வரை கரையையே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. எங்களை எண்ணுகிறாள். ஏழு. திரும்ப எண்ணினாள். ஏழுதான். பிறகு தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினாள்.

இப்போதும் ஒவ்வொரு தரமும் கயிற்றை அவிழ்க்க முன்னர் மாமி கேட்பா: "கரையிலை ஒருதரும் நிக்கேல்லையே?" இல்லை என்று யாராவது சொல்லும்வரை நான் மிசினைத் தொடுவதில்லை.

வருகிற கோடையில் மச்சானின் மூத்த மகளுக்குக் கலியாணம். மருமகனோடு நாங்கள் பதினான்கு. பையன் லண்டன், எங்கே என்ன வேலை என்பதெல்லாம் மச்சான் விசாரித்துவிட்டான். நீந்தத் தெரியுமா என்று மாமி விசாரித்து வைத்திருக்கிறா. பதினான்காவது அங்கிக்கு அவருடைய நெஞ்சளவு என்னவென்று கேட்டு எழுதச் சொல்லி மனைவி தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள்.